உதவி: கடை வலைத்தளத்தை ஆட்கள் பார்க்கிறார்கள், ஆர்டர் வருவதில்லை. எந்தத் தீம் மாற்றலாம்?

வாகைச்செக்கு:
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். எங்கள் எண்ணெய்க் கடைக்கு மூன்று வருடம் முன்பு வலைத்தளம் போட்டோம். தினமும் 60, 70 பேர் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ஆர்டர் வந்தாலே பெரிது. சொந்தக்காரர்கள் எல்லாரும் சைட் பழசாகத் தெரிகிறது என்கிறார்கள். தீபாவளிக்குள் மாற்றிவிட வேண்டும். தளத்தின் தோற்றத்தை மாற்றும் நல்ல தீம் எது? பச்சை நிறம் வைக்கலாமா, மஞ்சளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைவிளக்கு:
எதில் செய்த தளம்? வேர்ட்பிரஸா, வேறு ஏதாவதா? பார்க்க வருகிறவர்கள் போனில் வருகிறார்களா, கணினியிலா? கூடையில் பொருளைப் போட்டுவிட்டுப் போகிறார்களா, போடாமலே போகிறார்களா? இதெல்லாம் தெரியாமல் தீம் பெயர் சொன்னால், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்காமலே மாத்திரை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேகத்தடை:
முதல் பக்கத்தில் பெரிய படங்கள் மாறி மாறி ஓடுகிறதா? ஓடினால் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஐந்து படம் என்றால் 20 எம்பி. சிக்னல் குறைவான ஊரில் அது திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியில் என்ன வருகிறது என்று பாருங்கள். படங்களை எடை குறைந்த வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, அகலத்தையும் குறைத்து ஏற்றுங்கள். ஓடும் படமே வேண்டாம், நல்ல படம் ஒன்று போதும்.

மூத்தநிரலி:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். பச்சையா மஞ்சளா என்று கேட்பவருக்கு இன்னும் அடிப்படையே புரியவில்லை என்று அர்த்தம். நிறம் எதுவாக இருந்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும், வலைத்தள அணுகல்தன்மைக்கான நெறிமுறையிலேயே இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. முதலில் இதைப் படியுங்கள்.

கடைத்தெரு:
மூத்தவரே, அவர் கடை நடத்துகிறவர். நிரல் எழுதத் தெரிந்திருந்தால் இங்கே ஏன் வந்து கேட்கப்போகிறார்?
என் யோசனை வேறு. வலைத்தளத்தில் கூடை, பணம் கட்டும் பக்கம் எதுவும் வேண்டாம். பொருள், விலை, கீழே ஒரு வாட்ஸ்அப் பொத்தான். தொட்டால் “நல்லெண்ணெய் 1 லிட்டர் வேண்டும்” என்று செய்தி தயாராக வர வேண்டும். நான் ஊறுகாய் விற்கிறேன், இப்படித்தான் ஓடுகிறது. நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு வாங்கினால்தான் நம்பிக்கை.

மேசைவிளக்கு:
ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரை அது சரி. அதற்கு மேல் போனால் யாருக்கு அனுப்பினோம், யார் பணம் போட்டார் என்று தேடியே பொழுது போய்விடும். தொலைபேசி எண்ணைப் படமாகப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். எண்ணைத் தொட்டதும் அழைப்பு போக வேண்டும், படமாக இருந்தால் போகாது.

வாகைச்செக்கு:
மன்னிக்கவும், ஆட்டும் வேலை இருந்தது. வேர்ட்பிரஸ், விற்பனைக்கு வூகாமர்ஸ். தெரிந்த பையன் ஒருவர் செய்து கொடுத்தார், இப்போது வெளியூரில் இருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் போனில்தான். கூடையில் போடுகிறார்கள், அது தெரிகிறது. அப்புறம் காணோம். ஓடும் படம் ஐந்து இருக்கிறது.

வேகத்தடை:
சொன்னேன் அல்லவா, ஐந்து படம்!

மேசைவிளக்கு:
வேகத்தடை, படங்களைக் குறைக்கட்டும், நல்லதுதான். ஆனால் கூடை வரைக்கும் வருகிறார்கள் என்கிறாரே. படம் திறக்காததால் போகிறவர் கூடைக்கே வந்திருக்க மாட்டார். சிக்கல் கூடைக்கு அப்புறம்தான். தபால் செலவு எங்கே தெரிகிறது? கணக்குத் தொடங்கினால்தான் வாங்க முடியுமா?

மூத்தநிரலி:
இந்தக் கேள்வி சரி. ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 920 கிராம். பாட்டிலும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும், கூரியரில் அடுத்த எடைக்கான கட்டணம் விழும். 420 ரூபாய் என்று பார்த்தவர் கடைசிப் பக்கத்தில் 540 என்று பார்த்தால் எழுந்து போய்விடுவார். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளே, விநியோகச் செலவு உட்பட மொத்த விலையைப் பிரித்துக் காட்டச் சொல்கின்றன. பொருள் பக்கத்திலேயே “தமிழ்நாட்டுக்குள் தபால் செலவு இவ்வளவு” என்று ஒரு வரி எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் அடியில் போடுங்கள். தெரியாத கடையில் எண்ணெய் வாங்குகிறவர் அதைத்தான் தேடுவார்.

பேத்தி:
உள்ளே வரலாமா? தமிழில் தளம் இருக்கிறதா, ஆங்கிலத்திலா? என் அம்மா ‘செக் அவுட்’ என்ற பொத்தானைப் பார்த்தால் பயந்து திரும்பிவிடுவார். “பணம் கட்ட” என்று எழுதினால் தொடுவார்.

கடைத்தெரு:
தமிழில் மட்டும் வைத்தால் பெங்களூர் ஆர்டர் எல்லாம் போய்விடும். தேடுகிறவர்கள் ‘ஜிஞ்செல்லி ஆயில்’ என்றுதான் அடிக்கிறார்கள்.

பேத்தி:
அது தேடுவதற்கு. வாங்குவதற்குத் தமிழ் வேண்டாமா? பொருளின் பெயரை இரண்டிலும் எழுதட்டும். பொத்தானும் பிழைச் செய்தியும் தமிழில் இருக்கட்டும். தமிழ்ச் சொல் நீளமாக இருப்பதால் பொத்தானில் இரண்டு வரியாக உடையும், அதற்கு இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும்.

எள்ளுக்காடு:
எண்ணெய்க்காரரே, ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறீர்களா, வெல்லமா? தளத்தில் அதை எழுதியிருக்கிறீர்களா? நான் அதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கடைத்தெரு:
வெல்லம் போட்டால் என்ன தவறு? எங்கள் பக்கம் வெல்லம்தான்.

எள்ளுக்காடு:
தவறு என்று சொல்லவில்லை. வாசம் வேறு. கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெயில் தோசை வார்த்தால் வாசலுக்கே மணக்கும். கருப்பட்டி என்று சொல்லிவிட்டு வெல்லம் போட்டால்தான் தவறு.

கடைத்தெரு:
வாசம் எள்ளில் இருக்கிறது. பழைய எள்ளை வைத்துக்கொண்டு எந்தக் கருப்பட்டியைப் போட்டாலும் சிக்கு வாடைதான் வரும். எள்ளைக் காயவைப்பதை முதலில் கேளுங்கள்.

மூத்தநிரலி:
இது வலைத்தள உதவிப் பகுதி. எண்ணெய்க்குத் தனி இழை தொடங்குங்கள்.

பேத்தி:
ஐயா, இதுவும் வலைத்தளத்துக்கு வேண்டியதுதானே? எள்ளுக்காடு கேட்பது வாங்குகிறவர் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் பொருள் பக்கத்தில் இல்லையென்றால் எந்தத் தீம் போட்டு என்ன பயன்?

மேசைவிளக்கு:
பேத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.
வாகைச்செக்கு, ஒன்று செய்யுங்கள், காசு செலவில்லை. இதுவரை உங்கள் தளத்தைப் பார்க்காத ஐந்து பேரை உட்கார வைத்து, அவரவர் போனில் ஒரு லிட்டர் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் வேண்டும். வாய் திறக்காதீர்கள். ‘அங்கே தொடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் சோதனை வீண். பயன்பாட்டுத்திறன் பற்றி நிறைய எழுதிய யாக்கோப் நீல்சன், பெரும்பாலான சிக்கல்கள் ஐந்து பேரிடமே தெரிந்துவிடும் என்று 2000த்திலேயே சொன்னார். எங்கே விரல் நிற்கிறது, எங்கே முகம் சுருங்குகிறது என்று எழுதி வையுங்கள். அதுவரை தீம் மாற்ற வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். புதுத் தீமுக்குக் காசு கொடுத்த பிறகும் அதே ஓட்டை அதே இடத்தில் இருந்தால் மனசு விட்டுப்போகும்.

மூத்தநிரலி:
விலை மலிவான ஆண்ட்ராய்டு போனிலும் பார்க்கச் சொல்லுங்கள். தளம் செய்தவர்கள் நல்ல போனில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

வேகத்தடை:
நான்கு நாளாகப் பேச்சில்லை. வாகைச்செக்கு, படத்தையாவது குறைத்தீர்களா?

வாகைச்செக்கு:
எல்லாருக்கும் நன்றி. ஐந்து பேர் கிடைக்கவில்லை, அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும்தான். இரண்டு பேருமே ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள். விலாசம் போடும் இடத்தில் போன் தானாகவே எண்ணை நிரப்புகிறது, +91 சேர்த்து. எங்கள் படிவம் பத்து இலக்கம்தான் வாங்கும் போல. “ஆர்டர் செய்க” தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை ஆறு தடவை தொட்டார், அப்புறம் ‘உங்க கடை பூட்டியிருக்குது கண்ணு’ என்று போனைக் கொடுத்துவிட்டார். பிழைச் செய்தி மேலே வருகிறது, ஆனால் தீபாவளித் தள்ளுபடி என்று நான் ஒட்டவைத்த பட்டை அதை மறைத்துவிடுகிறது. அந்தப் பட்டையை நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். மூன்று வருடம் எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போயிருப்பார்களோ, நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மேசைவிளக்கு:
வருத்தப்படாதீர்கள், கண்டுபிடித்துவிட்டீர்கள். வூகாமர்ஸ் தானாக +91ஐத் தடுக்காது. அந்தப் பையன் கூடுதலாக ஏதோ பிளகின் (துணை நிரல்) சேர்த்திருக்கிறார். முதலில் தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு பணம் கட்டும் பக்கத்துக்கான பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். பட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அமைப்புகளில் ‘கணக்குகள்’ பகுதியில், கணக்கில்லாமல் வாங்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூத்தநிரலி:
பிழைச் செய்தி அந்தந்தக் கட்டத்துக்குக் கீழேயே வர வேண்டும், தமிழில். “பத்து இலக்க எண்ணை மட்டும் எழுதுங்கள்” என்று மிரட்டுவதைவிட, +91ஐ நிரலே நீக்கிக்கொள்வது நல்லது. இதற்கு நாலு வரி நிரல் போதும். தனிச்செய்தி அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

வாகைச்செக்கு:
அனுப்பியிருக்கிறேன் ஐயா. பட்டையை எடுத்தாயிற்று, தபால் செலவையும் எழுதிவிட்டேன். நேற்று இரண்டு, இன்று காலை மூன்று ஆர்டர். எள்ளுக்காடு, கருப்பட்டிதான் போடுகிறோம், அதையும் தளத்தில் சேர்க்கிறேன். எள் லோடு வந்து நிற்கிறது, வருகிறேன்.