கொழும்பு வழக்கில் வன்னியில் இருந்தபடியே காணொளிச் சாட்சியம்: என்ன ஆயத்தம் வேணும்?

முல்லை_உதவியாளர்:
வணக்கம். வீட்டு வேலை என்று சொல்லி விசிட் விசாவில வளைகுடாவுக்கு ஏற்றி, அங்க கைமாத்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில இருந்து அழைப்பாணை வந்திருக்கு. ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறா. எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், பிணையில வெளியில. அந்த முகத்துக்கு முன்னால நிக்க ஏலாது என்கிறா. காணொளியில சாட்சி சொல்லலாமோ? வீட்டில இருந்து போனில சொல்ல விடுவினமோ?

வழக்கேடு:
காணொளியில சொல்லலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கம், அதற்கு இடம் தருகிறது. முந்தி 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்திலும் இந்த வழி இருந்தது. ஆனால் வீட்டுப் போனில் இல்லை. சாட்சி இருக்கிற அறையில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அரச உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேணும். பக்கத்தில் ஆரும் நின்று சொல்லிக்கொடுக்கவோ வெருட்டவோ இல்லை என்று நீதிமன்றம் நம்ப வேணுமே.

விசாரித்த பொலிஸ் மூலம் அரச சட்டத்தரணிக்கு இப்பவே எழுத்தில் அறிவியுங்கோ. அதே நேரம் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற தேசிய அதிகார சபைக்கும் ஒரு விண்ணப்பம் போகட்டும். "பயமாக இருக்கு" என்ற ஒரு வரி காணாது. எந்தத் திகதி, எந்த இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது, வீட்டுக்கு ஆர் வந்து என்ன சொன்னது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனநல வைத்தியரின் அறிக்கை, எல்லாம் சேர்த்துக் கொடுங்கோ. முடிவு நீதிபதியுடையது. உத்தரவு கிடைக்கும்வரை அழைப்பாணை அப்படியே நிற்கும். விண்ணப்பித்தாச்சு என்று போகாமல் விட்டால் பிடியாணை வரக்கூடும்.

பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டியது: குறுக்கு விசாரணை திரையிலும் உண்டு. "நீர் விரும்பித்தானே போனீர்" என்று கட்டாயம் கேட்பினம். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பதை வாதிடுவது அரச தரப்பின் வேலை. அவ நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

எதிரியை அடையாளம் காட்டுகிற கட்டத்தையும் முன்கூட்டியே கதைத்து வையுங்கோ. மற்ற நேரமெல்லாம் கமரா நீதிபதியையும் சட்டத்தரணியையும் காட்டட்டும். அந்த ஒரு நிமிசம் மட்டும் எதிரிக்கூண்டுக்குத் திருப்பலாம் என்று அரச சட்டத்தரணி மன்றிடம் கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் அந்த முகம் திரையில் வந்தால் பிள்ளை அதோடு வாயடைத்துப் போகும்.

கம்பியும்_மைக்கும்:
அறை பற்றி. வயர் இணைப்பு இருக்கிற இடமாகப் பாருங்கோ. 4ஜி மட்டும் என்றால் வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் வேணும். பதிவேற்ற வேகம் 3 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழ் போகக்கூடாது. முதல்நாள் இரவில் பார்த்த வேகத்தை நம்பாதேங்கோ. ஒரு கிழமை முந்தி, வழக்கு நடக்கிற அதே காலை நேரத்தில் சோதியுங்கோ. கரண்ட் போனால் மடிக்கணினி நிற்காது, ரவுட்டர்தான் நிற்கும். ரவுட்டருக்கு யூபிஎஸ் போடுங்கோ, மாரி காலத்தில் கட்டாயம்.

மடிக்கணினியின் சொந்த மைக் மின்விசிறிச் சத்தத்தையும் அள்ளும். தாழ்ந்த குரலில் கதைக்கிற சாட்சிக்கு சட்டையில் குத்துகிற மைக்தான் சரி. சத்தம் விளங்காவிட்டால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பினம். மனசு உடைகிறது அங்கதான்.

கமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால். யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தினால் முகம் கறுத்துப்போகும், வெளியில் இருக்கிற பெயர்ப்பலகையும் தெரியும். அறை முழுக்கத் தெரிய இரண்டாவது கமரா ஒன்று. திரையில் தன் முகம் தனக்குத் தெரியாமல் அணைத்துவிடுங்கோ. கணக்கில் சொந்தப் பெயரோ போன் இலக்கமோ வராதபடி மாற்றுங்கோ. கடவுச்சீட்டு, விமானச் சீட்டு, ஒப்பந்தம் காட்டுவினம் என்றால், வழக்கில் இட்ட அதே அடையாள எழுத்தோடு பிரதிகள் முத்திரையிட்ட உறையில் உத்தியோகத்தரிடம் முதலே இருக்க வேணும். பங்கிட்ட திரையில் சின்ன எழுத்து வாசிக்க வராது.

நெடுங்கேணி_அக்கா:
இடத்தை யோசித்துத் தெரிவு செய்யுங்கோ. உங்கட பிரதேச செயலகத்தில வைச்சால், ஓட்டோவால இறங்கேக்கையே ஊருக்குத் தெரிஞ்சிடும். வவுனியா மாதிரி அவவைத் தெரியாத ஆக்கள் இருக்கிற இடத்தைக் கேளுங்கோ. மாங்குளத்துக்கு வந்தால் ஏ9இல நேர பஸ். திரை ஒரு முகத்தைத்தான் மறைக்கும் தம்பி, ஊர்க் கண்ணை மறைக்காது.

முல்லை_உதவியாளர்:
நன்றி. வழக்கு சிங்களத்தில நடக்கும், அவவுக்குத் தமிழ் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் இருக்கிறது நல்லது?

வழக்கேடு:
மன்றிலேயே இருப்பது நல்லது. நீதிபதி உடனே திருத்திக் கேட்கலாம். இணைப்பில் ஒரு வினாடி பிந்தும். அதனால் கேள்வி தமிழில் முடிந்து இரண்டு எண்ணும்வரை பொறுத்து, இரண்டு மூன்று வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கோ. நீளமாகச் சொன்னால் மொழிபெயர்ப்பில் பாதி சுருங்கிப் பதிவாகும். பிறகு பொலிஸ் வாக்குமூலத்தோடு முரண் என்று எதிர்த்தரப்பு பிடிக்கிறது அந்த விடுபட்ட பாதியைத்தான். விளங்காவிட்டால் கையைத் தூக்கி நிறுத்தலாம் என்பதை நீதிபதியிடம் தொடக்கத்திலேயே கேட்டுப் பதியச் சொல்லுங்கோ.