உப்புவெளியில பிளேட் கூரை: இழுத்தா வழுக்குற போர்ட்டபிள் அங்கரை நம்பி பொடியளை ஏத்தலாமா?

உப்புவெளி சோலார்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சோலார் பூட்டுற சின்னக் குழு, ஆறு பேர். இப்ப திருமலை உப்புவெளியில ரெண்டு மாடி கெஸ்ட் ஹவுஸ் ஒண்டில வேலை. முன்பக்கம் பிளேட் (தட்டையான கொங்கிறீற் கூரை), பின்பக்கம் பழைய அஸ்பெஸ்டஸ் சீற். பனல் எல்லாம் பிளேட்டுக்குத்தான். பிளேட் 14 மீற்றருக்கு 9 மீற்றர், நிலத்தில இருந்து 6.2 மீற்றர் உயரம். கடல் பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு நாலரை இஞ்சிச் சுவர். ரெண்டு பக்கம் வெறும் விளிம்பு. நாலாவது பக்கம் சீற்றோட சேருது.

தண்ணி ஒழுகாம இருக்கப் பூச்சு அடிச்சிருக்கு, ஒரு ஓட்டையும் போடக்கூடாது எண்டு வீட்டுக்காரர் சொல்லிட்டார். அவையின்ர எஞ்சினியர், பாதுகாப்புக் கயிறு கொளுவாம ஒருத்தரும் மேல நிக்கக்கூடாது, கொளுவுற இடம் 22 கிலோநியூட்டன் இழுவை தாங்கும் எண்டு சேர்ட்டிபிக்கேற் காட்டுங்க எண்டுறார். கொழும்பில இருந்து வாடகைக்கு ஒரு போர்ட்டபிள் அங்கர் எடுத்தம், அதாவது கயிறைக் கொளுவ தூக்கி வைக்கிற பிடிமானம். சிலுவை மாதிரி இரும்புச் சட்டம், அதில 25 கிலோ பாரத் தட்டுகள் அடுக்கிறது. நேற்று ஏத்தி வைச்சிட்டு ரெண்டு பொடியளை கயிறு போட்டு இழுக்கச் சொன்னன். அரை அடி வழுக்கி வந்திட்டுது.

இழுத்த ரெண்டு பேரில ஒருத்தன் என்ர தங்கச்சியின்ர மகன். வயசு 20. இரவு எனக்கு நித்திரையே வரேல்ல. இதுக்கு முந்தின வேலைகளில தண்ணி டாங்கி ஸ்டாண்டில கயிறைக் கட்டிட்டு வேலை செய்தவங்கள்தான், நானும் விட்டுட்டன். இனி அப்பிடி விட மனமில்லை. மேல மண் பேக் அடுக்கினா பிடிக்குமா? ஒரு அங்கரில மூண்டு பேர் கொளுவலாமா? அந்த 22 எண்டது என்ன கணக்கு?

மூதூர் மேசன்

தம்பி, நாலு சீமெந்து பேக்கை மேல வைச்சுப் பாருங்க. பாரம் கூடினா வழுக்காது.

சீனக்குடா ரிகர்

மூதூர் அண்ணன் சொன்னது அவசரத்துக்கு வாற யோசனை, ஆனா செய்ய வேண்டாம். அந்த அங்கரைச் சோதிச்சது அதுக்கெண்டு செய்த தட்டுகளோட. தட்டின்ர அடியில இருக்கிற ரப்பர்தான் பிளேட்டைப் பிடிக்குது. பேக் சட்டத்தில பூட்டுப்படாது. ஒரு இழுவை வந்தா சட்டம் ஒரு பக்கம், பேக் ஒரு பக்கம் போகும்.

முதல் கணக்கைப் பாருங்க. இது உராய்வில நிக்கிற சாமான். ஒரு பேச்சுக்கு உராய்வு 0.5 எண்டு வைச்சா, 200 கிலோ பாரத்துக்குக் கிடைக்கிற பிடி 100 கிலோ அளவு, அதாவது 1 கிலோநியூட்டன் மட்டில. ஆனா ஒருத்தன் விழுந்து கயிறு பிடிக்கிற நேரம், ஷொக் அப்சோபர் (கிழிஞ்சு நீண்டு அதிர்ச்சியைக் குறைக்கிற துண்டு) இருந்தாலும், 6 கிலோநியூட்டன் வரைக்கும் போகலாம். அப்ப அங்கர் வழுக்கத்தான் செய்யும். வழுக்கி வழுக்கியே வேகத்தை உறிஞ்சுறதுதான் அதின்ர அமைப்பு. ஐரோப்பாவின்ர ஈஎன் 795 தரத்தில இதை ஈ வகை எண்டு சொல்லுவினம், சோதனையில 1 மீற்றருக்கு மேல நகரக்கூடாது. அதாலதான் விளிம்பில இருந்து இவ்வளவு தள்ளி வை எண்டு கையேட்டில போட்டிருப்பாங்கள்.

ஆனா ரெண்டு பொடியள் கையால இழுத்து நகருது எண்டா அது அமைப்பில்லை, குறை. மூண்டு விஷயம் சொல்லுங்க. தட்டு எத்தினை வந்தது, கையேட்டில எத்தினை? பூச்சுக்கு மேல கையைத் தேய்ச்சா வெள்ளைத் தூள் ஒட்டுதா? தண்ணி ஓடுற சாய்வு எவ்வளவு? ஈ வகை 5 பாகைக்கு மேல சாய்ஞ்ச இடத்தில வைக்கவே கூடாது.

உப்புவெளி சோலார்

அண்ணன், இப்பத்தான் ஏறிப் பார்த்திட்டு வாறன். தட்டு 8 இருக்கு. கையேட்டுப் படத்தில 10. ஏத்தேக்க நான் எண்ணேல்ல, பிழை என்னிலதான். ஒரு தட்டில ரப்பர் பாதி உரிஞ்சு போயிருக்கு. கையை வைச்சா மா மாதிரி ஒட்டுது. காலமையில உப்பு ஈரமும் இருக்கு. சாய்வு 2 பாகை அளவுதான், போன்ல வைச்சுப் பார்த்தன்.

சீனக்குடா ரிகர்

அப்ப காரணம் கையில இருக்கு. 50 கிலோ குறைவு, ரப்பர் இல்லை, அடியில தூளும் உப்பும். கடற்கரை வீட்டுக் கூரையில உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும், வெயில் ஏறினாத்தான் காயும். வாடகைக்காரரிட்ட குறைஞ்ச தட்டையும் உரிஞ்ச தட்டுக்கு மாற்றுத் தட்டையும் கேளுங்க. சட்டத்தில இருக்கிற இலக்கத் தகட்டையும் கடைசியாப் பரிசோதிச்ச திகதியையும் படம் எடுங்க. 12 மாதத்துக்கு ஒருக்கா தகுதியான ஆள் பார்த்திருக்கோணும். வைக்கிற இடத்தை நல்ல தண்ணியால கழுவி, தும்புத்தடியால தேய்ச்சு, காய விட்டு வையுங்க.

மூண்டு பேர் ஒரு அங்கரிலயா? தகட்டில ஒரு ஆள் எண்டு போட்டிருந்தா ஒரு ஆள்தான். கூட ஆளுக்கு வேற சோதனை இருக்கு.

தம்பலகாமம் சேஃப்டி

நான் கட்டார்ல 11 வருஷம் பாதுகாப்பு அலுவலரா இருந்தவன். அங்கரின்ர வழுக்கலை விட எனக்குப் பயம் அந்த 6.2 மீற்றர் எண்ட இலக்கத்தில. அதை ஒருத்தரும் தொடேல்ல.

2 மீற்றர் லான்யார்ட் (ஆளின்ர பாதுகாப்புப் பட்டியில இருந்து கொளுவுற கயிறு) எண்டு வைப்பம். விழுந்தா அந்த 2 மீற்றரும் ஓடும். ஷொக் அப்சோபர் கிழிஞ்சு நீளுறது 1.75 மீற்றர் வரைக்கும். பட்டியின்ர முதுகு வளையத்தில இருந்து கால் வரைக்கும் 1.5. கீழ மிச்சம் 1 மீற்றர் வேணும். கூட்டுங்க, 6.25. அதோட அங்கர் வழுக்குறது வேற. அதாவது உங்கட பொடியன் சரியாக் கொளுவியிருந்தாலும் நிலத்தில அடிபடலாம். கீழ ஜெனரேட்டர் கொட்டில், மதில் எண்டு ஏதும் இருந்தா இன்னும் மோசம்.

அதால விழுந்த பிறகு பிடிக்கிற முறையை விடுங்க. விழவே விடாத முறையைப் பிடியுங்க. கயிறு கட்டையா இருக்கோணும், ஆள் விளிம்புக்குப் போகவே ஏலாமல். 9 மீற்றர் அகலத்தின்ர நடுவில அங்கரை வைச்சா ரெண்டு பக்க விளிம்பும் 4.5 மீற்றர். கயிறும் லான்யார்ட்டும் கூட்டி 3.5 மீற்றருக்கு மேல நீளாம பூட்டினா, முதுகு வளையம் விளிம்புக்கு 1 மீற்றர் இஞ்சாலயே நிண்டிடும். 14 மீற்றர் நீளத்தில ஒரு முனையில 4.5இல ஒருக்கா, மற்ற முனையில 4.5இல ஒருக்கா வையுங்க. நகர்த்தேக்க எல்லாரும் கீழ.

மூலைக்கு கயிறு எட்டாது. கயிறை நீட்ட வேண்டாம், மூலையில பனல் வைக்காதேங்க. கூரையின்ர மூலையிலயும் விளிம்பிலயும்தான் காத்து பனலைத் தூக்கிற விசை ஆகக்கூட. வரைபடத்தை மாத்தினா ரெண்டு நன்மை.

இடுப்பில கட்டுற பழைய பெல்ட் வைச்சிருந்தா தூக்கி எறியுங்க. தோள், தொடை எல்லாம் சுத்திக் கட்டுற முழு ஹார்னஸ் மட்டும்தான்.

மூதூர் மேசன்

நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன் தம்பி. ஒண்டு கேக்கிறன், கடல் பக்கம் சுவர் இருக்கெல்லோ, அதில கவ்வுற கிளாம்ப் அங்கர் பூட்டினா என்ன? ஹொட்டல் வேலையில கண்டிருக்கிறன்.

சீனக்குடா ரிகர்

நீங்க கண்டது கம்பி வைச்ச கொங்கிறீற் சுவரா இருக்கும். நாலரை இஞ்சிச் சுவர் மேசன் கட்டினபடி சும்மா நிக்கிறது, அண்ணனுக்குத் தெரியும். இழுத்தா ஆளோட சேர்ந்து சுவரும் வரும்.

தம்பலகாமம் சேஃப்டி

ஓம். அதோட அஸ்பெஸ்டஸ் பக்கத்தை மறக்காதேங்க. பனல் அங்க இல்லை எண்டாலும் பொடியள் குறுக்கு வழியா மிதிப்பாங்கள். நல்லா இருக்கிற மாதிரித் தெரியிற பழைய சீற் ஒரு ஆளின்ர பாரத்துக்கு சொல்லாமல் உடையும். பிளேட்டும் சீற்றும் சேருற இடத்துக்கு 2 மீற்றர் இஞ்சால மறிப்புக் கட்டுங்க. அங்கரை அந்தப் பக்கம் வைக்கிற யோசனையே வேண்டாம்.

உண்மையில முதல் கேக்க வேண்டியது அங்கர் இல்லை. ரெண்டு வெறும் விளிம்புக்கும் நிலத்தில இருந்து ஜீஐ பைப் எழுப்பி, 42 இஞ்சி உயரத்தில ஒரு கம்பி, நடுவில ஒண்டு, காலடியில பலகை. ஓட்டை போடத் தேவையில்லை. வேலி எல்லாரையும் ஒரே நேரத்தில காக்கும், கொளுவ மறந்தவனையும். பத்து நாள் வேலை எண்டா பைப் வாடகை பெரிய காசில்லை.

கட்டட எஞ்சினியர், திருமலை

22 கிலோநியூட்டன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அமெரிக்க விதி. விழுந்தவரைப் பிடிக்கும் அங்கர் ஒவ்வொரு ஆளுக்கும் 5000 இறாத்தல் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் தகுதியுள்ளவர் இரண்டு மடங்கு பாதுகாப்புக் காரணியோடு வடிவமைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஈஎன் 795 சாமானுக்கு அந்த 22 கிலோநியூட்டன் சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம். உற்பத்தியாளரின் இணக்கப் பத்திரம், கையேடு, பரிசோதனைத் திகதி, எத்தனை பேருக்கு என்ற விபரம், இந்த நான்கையும் உங்கள் வேலைத் திட்டத்தோடு வீட்டுக்காரரின் எஞ்சினியரிடம் கொடுங்கள். விழ விடாத முறை என்று அதில் எழுதுங்கள். பிளேட் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதையும் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். பனல்களை அங்கருக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் அடுக்காதீர்கள்.

சட்டப் பக்கம்: கட்டட வேலையும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளரிடம் ஆலோசனை கேட்கலாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர். நாட்சம்பளப் பொடியன்தானே என்று நினைத்துவிட வேண்டாம்.

சீனக்குடா ரிகர்

காத்தையும் கணக்கில எடுங்க. கச்சான் காத்து தொடங்கிட்டுது. ஒரு பனல் 2.6 சதுர மீற்றர் வரும். மணிக்கு 43 கிலோமீற்றர் காத்து நேர அடிச்சா 23 கிலோ அளவு தள்ளும். பனலை நிமிர்த்திப் பிடிச்சுக்கொண்டு விளிம்புப் பக்கம் நடக்கிறவனுக்கு அது போதும். காலமை வெள்ளன ஏத்துங்க, ரெண்டு பேர் படுக்கையாப் பிடிச்சு. காத்து ஏறினா வயரிங் வேலையைப் பாருங்க.

ஆரும் தொங்கிப்போனா எப்பிடி இறக்குறது எண்டும் இப்பவே பேசி வையுங்க. ஹார்னஸில அசையாமத் தொங்கிறவன் சில நிமிஷத்திலயே மயங்கலாம். 1990 அம்புலன்சுக்கு அடிச்சிட்டு கீழ நிண்டு பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. எட்டுற ஏணி ஒண்டு முற்றத்தில படுத்திருக்கட்டும்.

உப்புவெளி சோலார்

நாலு நாளுக்குப் பிறகு எழுதிறன். தட்டு மூண்டு கொழும்பில இருந்து லொறியில வந்தது, உரிஞ்சதைத் திருப்பிட்டன். வேலி கட்டியாச்சு. வீட்டுக்காரர் பைப் வாடகையில பாதி தாறன் எண்டவர், அதை நான் எதிர்பார்க்கேல்ல. சீற் பக்கம் மறிப்பும் கட்டியாச்சு.

பிறகு மச்சான் ஒருத்தர் மீன் வாடியில இருந்து 150 கிலோ தொங்குதராசு கொண்டுவந்தார். அதைக் கயிறுக்கு நடுவில பூட்டி இழுத்தம். கழுவ முந்தி, 8 தட்டோட, 70 கிலோவில நகர்ந்தது. கழுவிக் காய்ஞ்ச பிறகு, 10 தட்டோட, 140 வரைக்கும் இழுத்தும் அசையேல்ல. அதுக்கு மேல இழுக்க எங்களுக்குப் பலம் இல்லை.

சீனக்குடா ரிகர்

நல்ல வேலை தம்பி. அது சேர்ட்டிபிக்கேற் இல்லை, ஆனா முந்தியும் பிந்தியும் ஒரே தராசில அளந்தது பெறுமதி. அங்கரை நகர்த்திற ஒவ்வொரு முறையும் புது இடத்தைக் கழுவி இதே மாதிரி இழுத்துப் பாருங்க, தட்டை எண்ணி கொப்பியில எழுதுங்க.

உப்புவெளி சோலார்

எழுதிறன் அண்ணன். மருமகன்தான் எண்ணுறான். கடைசியா ஒரு கேள்வி. வேலை முடிய வேலியைக் கழட்டுறவன் எதில கொளுவுறது?

தம்பலகாமம் சேஃப்டி

வேலிக் கம்பியை வெளிப்பக்கச் சாரத்தில நிண்டு கழட்டலாம் எண்டா அப்பிடிச் செய்யுங்க. உள்ளுக்க நிண்டுதான் கழட்டோணும் எண்டா ஒருத்தர் மட்டும், அங்கரில, அதே 3.5 மீற்றர் கயிறில. அந்தக் கயிறில இருந்து எட்டாத கம்பியைத் தொட வேண்டாம், அதை வெளியாலதான் எடுக்கோணும். பிறகு தட்டுகளை ஏணி வாசல் பக்கமா ஒவ்வொண்டா இறக்குங்க, அந்தப் பக்க வேலி கடைசி மட்டும் நிக்கட்டும்.