புதுப்பிப்பு: அப்பாவுக்கு இப்போது செய்தி புரிகிறது

டிவியில் பின்னணி இசை அதிர்கிறது, பேச்சு மட்டும் முணுமுணுப்பாக வருகிறது, ஒலியை 60 வைத்தும் அப்பாவுக்குப் புரியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

செட்டாப் பாக்ஸில் ஒலி வெளியீடு, பல ஸ்பீக்கர்களுக்கான சரவுண்டில் இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றியதும் குரல் கொஞ்சம் முன்னுக்கு வந்தது. அப்புறம் ஈக்வலைசரில் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) அதிரும் தாழ்ந்த ஒலியான 100 ஹெர்ட்ஸைக் குறைத்து, உயர்ந்த ஒலியான 3 கிலோஹெர்ட்ஸைச் சற்று ஏற்றினேன். இதுதான் பெரிய மாற்றம். ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. வயதானால் காதுக்கு முதலில் மங்குவதும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்தி கேட்ட அப்பா, "பத்துன்னுதான சொன்னான்? பட்டு இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தார். ஒலி 28!

டிவியின் ஸ்பீக்கர் அடியில் தரையைப் பார்த்து இருக்கிறது. மர அலமாரிக்குள் ஒடுங்கியிருந்த டிவியை விளிம்புவரை இழுத்து வைத்தோம். டிவிக்குத் தனியாக வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்கவில்லை, இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் செங்கோட்டைச் சாரல் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. புனலூரில் வேலை பார்த்த நாளிலிருந்து அவருக்கு மலையாளச் செய்தியும் வேண்டும்; மழை நேரத்தில் அதற்கு மட்டும் ஹெட்போன் மாட்டிவிடுகிறேன்.

தென்காசியில் காது மருத்துவரிடமும் காட்டினோம். வலது காதில் அழுக்கு அடைத்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள். கேட்கும் திறன் பரிசோதனை வரும் வியாழக்கிழமை.