மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, கண் உள்ளே திரும்பியிருக்கிறது. இது சரியாகுமா?

சோடாபுட்டி:

எனக்கு வயது 34. சின்ன வயதிலிருந்தே இடது கண் வெளிப்பக்கமாக ஒதுங்கும். போட்டோ எடுக்கும்போதெல்லாம் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு நிற்பது பழக்கமாகிவிட்டது. போன வாரம் ஒருவழியாக ஆபரேஷன் செய்துகொண்டேன். இடது கண்ணில் வெளிப்பக்கத் தசையைப் பின்னுக்குத் தள்ளித் தைத்து, மூக்குப் பக்கத் தசையைச் சுருக்கியிருக்கிறார்கள்.

வெள்ளை விழி மூக்குப் பக்கம் ரத்தக் கட்டி மாதிரி சிவந்திருக்கிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது, உறுத்துகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், அதனால் பயமில்லை. இரண்டு விஷயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒன்று, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கதவுக் கைப்பிடி இரண்டு. நான் பிடிக்கப் போவது இல்லாததைத்தான். டம்ளரில் ஊற்றும் தண்ணீர் மேஜையில் போகிறது. இன்னொன்று, வெளியே போய்க்கொண்டிருந்த கண் இப்போது கொஞ்சம் உள்ளே திரும்பி நிற்கிறது. மணிக்கு ஒரு தடவை கண்ணாடியில் பார்க்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: டி.வி. பார்க்காதே, படிக்காதே, தலைக்குக் குளிக்காதே. எதைக் கேட்பது?

பூவரசு:

இதே ஆபரேஷன், இதே கண், இதே கவலை. முதலில் அந்தக் கண்ணாடியை விட்டு நகருங்கள். ஆறு முதல் எட்டு வாரம் போன பிறகுதான் கண் எங்கே நிற்கிறது என்று சொல்லவே முடியும். வெளிப்பக்கம் ஒதுங்கும் கண் ஆறிய பிறகு மறுபடி வெளியே நகரப் பார்க்கும். அதனால் பல டாக்டர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் வைப்பார்கள். உங்களுக்கும் அப்படித்தானா என்று அடுத்த தடவை போகும்போது நேராகக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. இத்தனை வருடமாக ஒதுங்கிய கண்ணின் காட்சியை மூளை கண்டுகொள்ளாமல் விட்டு வைத்திருந்தது. இப்போது அந்தக் கண்ணின் காட்சி புது இடத்தில் வந்து விழுகிறது, மூளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். எனக்கு முதலில் கிட்டத்தில் இருப்பது சரியானது, தூரம் பின்னால்தான் வந்தது. அதுவரை மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொதிக்கிற எதையும் நீங்கள் ஊற்றாதீர்கள். வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

டி.வி.யும் புத்தகமும் தையலை ஒன்றும் செய்யாது. தசை ஒட்டியிருப்பது விழியின் வெளிச்சுவரில். விழிக்குள் யாரும் கை வைக்கவில்லை. என்ன, உற்றுப் பார்த்தால் இமைப்பது குறையும், கண் எரியும். எரிந்தால் மூடிக்கொண்டு படுங்கள், அவ்வளவுதான்.

உண்மையில் கவனம் வேண்டியது சொட்டு மருந்தில். பலர் அண்ணாந்து, கண்ணின் நடுவில் குறிபார்த்து விட்டு, பட்டென்று இமைத்து எல்லாவற்றையும் கன்னத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கையைக் கழுவுங்கள். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். கீழ் இமையைக் கன்னத்தோடு சேர்த்து மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி விரியும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமை முடியில்கூடப் படக்கூடாது. கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தொண்டையில் கசப்பு இறங்காது, மருந்தும் கண்ணிலேயே தங்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். களிம்பு எப்போதும் கடைசியில்தான், போட்டதும் பார்வை மங்கும், அதற்குப் பதறாதீர்கள்.

காலையில் இமை ஒட்டினால் பிய்க்க வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, இமை மேல் சிறிது நேரம் வைத்திருந்தால் பூளை இளகிவிடும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்துப் பஞ்சை எறிந்துவிடுங்கள். உறுத்தலுக்குக் காரணம் தையல் நூல். தானாகக் கரையும், நுனி தெரிந்தாலும் இழுக்கக் கூடாது. சிவப்புதான் ரொம்பப் பிடிவாதம். இளஞ்சிவப்பாகி, மஞ்சள் கலந்து, முழுக்க வெளுக்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இமைப்பீலி:

கண் மருத்துவமனையில் மாறுகண் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பூவரசு சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இரட்டைப் பார்வை தாங்க முடியாதபோது ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் உடனே நிம்மதியாக இருக்கும். அவசர வேலைக்குச் செய்யலாம். ஆனால் நாள் முழுக்க மூடி வைத்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து பழகுவது எப்படி? எவ்வளவு நேரம் மறைக்கலாம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். வாரக்கணக்கில் குறையாவிட்டால் இரண்டு உருவத்தையும் ஒன்றாக நகர்த்திக் காட்டும் தற்காலிகப் பட்டகத்தை (பிரிசம்) மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பதும் உண்டு.

வலி குறைந்துகொண்டே வரவேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினாலோ, இமை நாளுக்கு நாள் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பார்வை மங்கிக்கொண்டே போனாலோ அன்றைக்கே போங்கள், மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண் திடீரென்று ஒரு பக்கம் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் திரும்பவே மறுத்தாலும் அப்படித்தான். தைத்த தசை நழுவியிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் சீக்கிரம் பார்த்தால் சரிசெய்வது எளிது.

இன்னொன்று. சிவப்பு போகவில்லையே என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நீட்டிக்காதீர்கள். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கான்டாக்ட் லென்ஸ், கண் மை இரண்டும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

ரெட்டைவால்_அம்மா:

என் மகளுக்கு நாலு வயதில் செய்தோம். அவள் மறுநாளே குதிக்க ஆரம்பித்துவிட்டாள், நான்தான் படுத்துவிட்டேன்! தூக்கத்தில் கசக்காமல் இருக்கக் கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டினோம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி கண்ணாடி வேண்டாம் என்று கழற்றிவிடாதீர்கள். அவளுக்குக் கண்ணாடியும் தொடர்ந்தது, சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது பார்வை சரியாக வளராத கண்ணுக்கு, நல்ல கண்ணை மூடி ஒட்டுவதும் தொடர்ந்தது. தசையை நகர்த்தியதால் பவர் போய்விடாது.

சோடாபுட்டி:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தது தெரிந்துதான் என்று டாக்டரும் இன்று போனில் சொன்னார். ஆனால் தலைக்குக் குளிப்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, தலை அரிக்கிறது!

இமைப்பீலி:

உங்கள் சீட்டில் தண்ணீர் படக்கூடாது என்று எத்தனை நாள் போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு. அதற்குள் அலச வேண்டுமென்றால் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, நெற்றியில் துண்டைக் கட்டி, வேறொருவரை அலசச் சொல்லுங்கள். ஷவருக்கு நேராக முகத்தைக் காட்ட வேண்டாம். மீறி நுரை உள்ளே போனால் தேய்க்காமல் உடனே சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நீச்சல் இப்போதைக்குக் கிடையாது, பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரம் தள்ளிப் போடச் சொல்வோம்.