பிரைஸ்டன் 4பி எஸ்எஸ்டி விற்கப் போகிறேன், என்ன விலை சொல்லலாம்?

தவில்பிரியன் (ஸ்காபரோ):

வணக்கம். 2007 வசந்தத்தில் புதிதாக வாங்கிய பிரைஸ்டன் 4பி எஸ்எஸ்டி பவர் அம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுகிற பெருக்கி) ஒன்று என்னிடம் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 300 வாட். பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள், நாங்களும் வீட்டை விற்றுவிட்டு கொண்டோவுக்குப் போகிறோம். பதினேழாம் மாடி. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்களோ தெரியாது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை நான் வைக்கிற சத்தத்தில் அவர்களும் கேட்பார்கள் என்று நம்ப முடியாது. (பழைய மோனோ ஒலிப்பதிவு, அதற்கு எதற்கு 300 வாட் என்று மகன் கேட்பான். அவனுக்கு விளங்காது.)

இவ்வளவு காலத்தில் ஒருமுறைகூடத் திருத்தக் கொடுத்ததில்லை. வெள்ளி முகப்பு, 19 அங்குல அளவு, கைபிடி உண்டு. வலது மூலையில் ஒரு கீறல் இருக்கிறது. சோபா மாற்றியபோது மச்சான் செய்த வேலை. பேஸ்மென்டில் பாரடைம் ஸ்டூடியோ 100 ஸ்பீக்கரோடு ஓடியது, புகை பிடிக்கிறவர்கள் வீட்டில் இல்லை.

2,400 டொலர் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பழைய ஆடியோ சாமான் விற்கிற கனக் ஆடியோ மார்ட் தளத்தில் பார்த்தால் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். திருத்துகிற ஒருவரிடம் கதைத்தேன், "கப்பாசிட்டர் (மின்தேக்கி) எல்லாம் மாற்றினால்தான் நல்ல விலை போகும்" என்று 700 டொலர் கேட்கிறார். செய்யத்தான் வேண்டுமா? அப்புறம் பிரைஸ்டன் கொடுக்கிற இருபது வருட உத்தரவாதம் கைமாறினாலும் செல்லும் என்கிறார்கள். அப்படியென்றால் 2027 வசந்தம் வரை உத்தரவாதம் என்று விளம்பரத்தில் எழுதலாம்தானே?

மீட்டர்காரன் (மிசிசாகா):

அண்ணை, கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன். உத்தரவாதம் அடுத்தவருக்குப் போகும், அது சரி. ஆனால் இருபது வருடத்தை எண்ணுவது நீங்கள் கடையில் காசு கட்டிய நாளில் இருந்து இல்லை, தொழிற்சாலையில் செய்த நாளில் இருந்து. கடை அலுமாரியில் கிடந்த மாதங்களும் கணக்கில் போய்விடும். பின்பக்கத்துச் சீரியல் நம்பரை எழுதி பீற்றர்பரோவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஆலை அங்கேதான், உங்கள் வீட்டில் இருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். அது தெரியாமல் 2027 என்று எழுதி, வாங்குகிறவர் பிறகு கண்டுபிடித்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

கப்பாசிட்டருக்கு 700 டொலர் கொடுக்காதீர்கள். கப்பாசிட்டரை உலர்த்துவது சூடு. கிளாஸ் ஏ அம்ப் என்றால் சும்மா இருக்கும்போதே கொதிக்கும், அங்கே இந்தக் கதைக்கு இடம் உண்டு. உங்களுடையது கிளாஸ் ஏபி, சும்மா இருக்கும்போது அவ்வளவு சூடாகாது. இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்த 700ஐ விலையில் திரும்ப எடுக்கவும் மாட்டீர்கள். விவரம் தெரிந்தவர்கள் வேறு கை படாத பெட்டியைத்தான் விரும்புவார்கள்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் வயர், இன்புட் வயர் இரண்டையும் கழற்றிவிட்டு அம்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனை சிவப்பிலும் கறுப்பிலும் தொடுங்கள், ஸ்பீக்கருக்குக் கசிகிற டிசி (நேர்மின்சாரம்) எவ்வளவு என்று தெரியும். ஒற்றை இலக்கத்தில் நின்றால் சந்தோஷம், 50ஐத் தாண்டினால் திரும்ப இங்கே வாருங்கள். இந்த மொடலில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பவர் சப்ளை, ஆகவே ஒரு பக்கம் நல்லாக இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது. மீட்டர் முகம் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். "மிக நல்ல நிலையில்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

பழையபெட்டி (மொன்றியல்):

எல்லாம் கதைத்தீர்கள், ஒருவரும் முக்கியமானதைக் கேட்கவில்லை. வந்த பெட்டி இருக்கிறதா?

நான் இதுவரை ஆறு அம்ப் விற்றிருக்கிறேன். பவர் அம்பில் பாரம் முழுக்க ட்ரான்ஸ்ஃபோமரில் இருக்கும். மூலை அடிபட விழுந்தால் வெளி அட்டையில் ஒன்றும் தெரியாது, உள்ளே தகடு வளைந்திருக்கும். கடையில் வாங்கிய குமிழிப் பிளாஸ்டிக்கைச் சுற்றி அனுப்பி ஒருமுறை நான் பட்டது போதும். கனடா போஸ்ட் 30 கிலோவுக்கு மேல் எடுக்காது, அதையும் நினைவில் வையுங்கள். அசல் பெட்டியும் அதன் உள் ஃபோமும் இருந்தால் வன்கூவர் வரை ஆள் தேடலாம். இல்லாவிட்டால் ஸ்காபரோவுக்குக் கார் ஓட்டி வரக்கூடியவர்கள் மட்டும்தான் உங்கள் சந்தை.

விலைக்கு, கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விளம்பரங்களைப் பாருங்கள். ஆறு மாதமாகக் கிடக்கிற விளம்பரத்தில் இருப்பது விலை இல்லை, ஆசை. உங்களுடையதற்குப் பிறகு எஸ்எஸ்டி ஸ்குயர்ட், கியூப்ட் என்று இரண்டு தலைமுறை வந்துவிட்டது, அவையும் பழையதாகச் சந்தைக்கு வருகின்றன. 2,400 கொஞ்சம் கூட. 2,250 போட்டு, 2,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதில் வையுங்கள். கீறலை முதல் படமாகவே போடுங்கள். கடைசியில் ஒளித்து வைத்தால் வாசலில் நின்று 200 குறைக்கச் சொல்வார்கள்.

அடையாறு ரசிகன் (சென்னை):

சார், சென்னைக்கு அனுப்புவீர்களா? இங்கே 230 வோல்ட், அங்கே 120 என்பது தெரியும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

மீட்டர்காரன்:

ஓட்டலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். இந்த அம்ப் முழு வேகத்தில் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்குகிற ஸ்டெப்-டவுன் ஒன்றே பாதி அம்ப் பாரம் வரும், பக்கத்தில் இருந்து உறுமும். உள்ளேயே 230க்கு மாற்றுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அங்கேயே ஒன்று தேடி வாங்குவது நல்லது தம்பி.

கேபிள் அக்கா (பிரம்ரன்):

காசு விஷயம் ஒன்று. போன வருடம் நான் ஒரு பிரி அம்ப் (பவர் அம்புக்கு முன்னால் வைக்கிற பெட்டி) விற்றபோது, வந்தவர் வாசலில் நின்றே "இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பிவிட்டேன்" என்று ஃபோனைக் காட்டினார் (வங்கியில் இருந்து மின்னஞ்சல் வழியாகக் காசு அனுப்புவது). எனக்கும் மின்னஞ்சல் வந்தது, வங்கியின் சின்னம் எல்லாம் அச்சொட்டாக இருந்தது. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து இடறியதால் தப்பினேன். வங்கி அப்புக்குள் போய்ப் பார்த்தால் ஒரு சதமும் இல்லை. மின்னஞ்சலை நம்பாதீர்கள். கணக்கில் தானாகவே விழுகிற மாதிரிப் பதிந்து வைத்துவிட்டு, உங்கள் அப்பில் தொகை தெரிந்த பிறகுதான் அம்ப் வாசலைத் தாண்ட வேண்டும். பல வங்கிகள் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. முதல் நாளே அதைச் சரிபார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிக் காசோடு நிற்பார்.

வருகிறவர் கேட்க வேண்டும், அதனால் ஸ்பீக்கரை முதலில் பொதி கட்டிவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பிழையும் செய்தார்.

தவில்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பீற்றர்பரோவில் இருந்து பதில் வந்தது. செய்தது 2006 ஒக்டோபர். நான் 2027 என்று எழுதியிருந்தால் அரை வருடம் பொய். விளம்பரத்தில் மாதத்தோடு எழுதிவிட்டேன். மீட்டரில் இடது 6 மில்லிவோல்ட், வலது 9. திருத்துகிறவருக்கு ஃபோன் எடுத்து வேண்டாம் என்று சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் கோபம்.

பெட்டி இருந்தது. கராஜில், மாமியின் குத்துவிளக்குகளும் பித்தளைச் செம்புகளும் அதற்குள் பன்னிரண்டு வருடமாக இருந்திருக்கின்றன. ஃபோம் கொஞ்சமும் நசுங்கவில்லை.

2,250 போட்டேன். வணக்கம்கூடச் சொல்லாமல் "கடைசி விலை என்ன?" என்று நான்கு பேர். ஒருவர் 1,100 டொலரும் ஒரு பழைய டேர்ண்டேபிளும் தருகிறேன் என்றார். ஐந்தாம் நாள் கிங்ஸ்டனில் இருந்து ஒரு மனிதர் வந்தார், வெள்ளைக்காரர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் சீடியையும் கொண்டுவந்து இருபது நிமிடம் கேட்டார், கீறலைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான் தவிலைப் போட்டேன். "இது என்ன மேளம், இரண்டு பேரா வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். ஒரே ஆள் என்றேன், நம்பவில்லை. ஃபோனில் தவிலின் படத்தைக் காட்டி, ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் விரல் கூடு என்று விளக்க வேண்டி வந்தது. ஒரு மணிக்கு வந்தவர் போக மூன்றரை ஆகிவிட்டது. 2,100க்கு முடிந்தது, அக்கா சொன்னபடி அப்பில் காசைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருமாகத் தூக்கிக் காரில் வைத்தோம்.

இப்போது கராஜ் தரை முழுக்கப் பித்தளை. காரை உள்ளே விட முடியவில்லை என்று மனிசி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறா. உறுதியான பெரிய பெட்டி யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? ஸ்காபரோ, மார்க்கம் என்றால் நானே வந்து எடுப்பேன்.