டேலி வகுப்புக்காக எழுதுகிறேன், நிறையப் பேர் படிக்கிறார்கள், ஆனால் ஒருவரும் சேரவில்லை

பின்னல்கணக்கு (திருப்பூர்) கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பனியன் கம்பெனிகளில் 11 வருடம் கணக்கு எழுதியவள் நான். குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை, அதனால் போன வருடத்திலிருந்து டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளையும் ஜிஎஸ்டியையும் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிப்பேன், மொத்தம் 45 நாள், கட்டணம் 3,500 ரூபாய். முதல் இரண்டு பேட்ச் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தானாக நிறைந்துவிட்டது. மூன்றாவது பேட்ச்சுக்கு நான்கே பேர்தான்.

விளம்பரம் செய்து தருகிறோம் என்று ஒரு ஏஜென்சி 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அறுபது எழுபது போன் நம்பர் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே பேசினேன். பாதிப் பேருக்கு எதற்காக நம்பர் கொடுத்தோம் என்பதே நினைவில்லை. மீதிப் பேர் "டீடெயில்ஸ் அனுப்புங்க மேடம்" என்றார்கள், அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அத்தோடு சரி.

அப்புறம்தான் தெரிந்ததை எழுதிப் போடலாம், படிக்கிறவர்கள் தேடி வரட்டும் என்று வலைப்பதிவு ஆரம்பித்தேன். ஏழு மாதத்தில் 23 பதிவு எழுதியிருக்கிறேன். அதில் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டால் வரும் கட்டணம் பற்றிய பதிவுக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதியை ஒட்டி நல்ல கூட்டம். ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய், அதில் மத்திய அரசுக்குப் பாதி மாநிலத்துக்குப் பாதி என்று எல்லாம் விளக்கி, கடைசியில் வகுப்பு விவரத்தையும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிவைப் படித்துவிட்டு வகுப்பில் சேர்ந்தவர் இன்றுவரை ஒருவர்கூட இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு வீடியோ போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். குழந்தையைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எதில் போடுவது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வி. எழுதி ஆள் சேர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதையும் சொல்லுங்கள்.


ஊசிநூல் (மதுரை) பதில்:

தோழி, நான் தையல்காரி, பிளவுஸ் கட்டிங் ஆன்லைனில் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது, கணக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் நிலைமையில் நானும் ஒரு வருடம் முழுக்க இருந்திருக்கிறேன்.

என்னிடமும் அப்படி ஒரு பதிவு இருந்தது. "36 அளவு பிளவுஸுக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும்" என்று. அதற்கு வந்த கூட்டம் வேறு எதற்கும் வந்ததில்லை, நானும் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் யோசித்தேன், இதைத் தேடுகிறவள் யார்? ஜவுளிக்கடையில் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு போனில் பார்க்கிறவள். அவளுக்கு எத்தனை மீட்டர் என்று தெரிந்தால் போதும், வாங்கிக்கொண்டு போய் டெய்லரிடம் கொடுத்துவிடுவாள். அவள் எதற்குத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்? உங்கள் 3பி பதிவுக்கு வருகிறவரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், தேதி தாண்டிவிட்ட பதற்றத்தில் வருகிறார், எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்க்கிறார், போய்விடுகிறார். அவருக்குப் பதில் வேண்டும், பாடம் வேண்டாம்.

எனக்கு ஆள் கொண்டுவந்தது வேறொரு பதிவு. பிளவுஸ் போட்டால் கை இணையும் ஆர்ம்ஹோல் பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழும், தைக்கப் பழகுகிற எல்லாருக்கும் வருகிற தொல்லை அது. நான் பழகிய காலத்தில் வெட்டிக் கெடுத்த ஒரு பச்சை நிற பிளவுஸை இன்னும் வைத்திருந்தேன். அதைப் போட்டு, போட்டோ எடுத்து, எந்த இடத்தில் கால் இன்ச் கூட வெட்டியிருக்க வேண்டும், அதைப் பயந்துகொண்டு வெட்டாமல் விட்டதால் கையைத் தூக்கும்போது துணி எப்படி இழுக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டி எழுதினேன். அந்தப் பதிவுக்கு முன்னதற்கு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆள் வரவில்லை. ஆனால் படித்தவர்கள் கீழே வந்து "அக்கா எனக்கும் இதே மாதிரிதான் ஆகிறது, போட்டோ அனுப்பட்டுமா" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் மூன்று பேர் அந்த மாதமே சேர்ந்தார்கள். ஒருத்தி இப்போது என்னிடமே உதவிக்கு இருக்கிறாள்.

அதனால் உங்கள் வகுப்பில் முதல் வாரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே முழிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள், அதை எழுதுங்கள். நிறுத்தாதீர்கள்.


மார்ச்31 (ஓசூர்) பதில்:

மேடம், நான் சொல்லிக்கொடுக்கிறவன் இல்லை, படித்துச் சேர்ந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பி.காம் முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தபோது டேலியை இறக்கி நானே பழகிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 5ஆம் தேதி நடந்ததாக ஒரு பில்லைப் போட்டுப் பார்த்தால் தேதியை ஏற்றுக்கொள்ளவே இல்லை. கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன், இரண்டு தடவை. பிறகு தேடியபோது தமிழில் ஒரு பதிவு கிடைத்தது. லைசென்ஸ் இல்லாமல், பழகுவதற்கான எஜுகேஷன் மோடில் திறந்தால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு, போட முடியும், உங்கள் மேல் தப்பில்லை, பழகுவதற்கு எல்லா பில்லையும் 1ஆம் தேதியிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார் ஒரு சார். "உங்கள் மேல் தப்பில்லை" என்ற அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அவர் எழுதிய இன்னும் ஆறேழு பதிவு படித்தேன். கையிலிருக்கும் பணத்தை பேங்கில் கட்டினால் டேலியில் எஃப்5 கீயில் வரும் பேமெண்ட்டில் போடுவதா எஃப்4 கீயில் வரும் கான்ட்ராவில் போடுவதா என்று ஒன்று. பணம் வெளியே போகவில்லை, நம் சட்டைப்பையிலிருந்து நம் பீரோவுக்குப் போகிறது, அதனால் கான்ட்ரா என்று விளக்கியிருந்தார். மூன்று வருடம் கல்லூரியில் படித்து எனக்குப் பிடிபடாதது அது. இவரிடம் படித்தால் புரியும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வகுப்பு விளம்பரத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கட்டணம் எவ்வளவு என்று பதிவிலேயே போடுங்கள். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தேன், கட்டணத்துக்கு போன் செய்யவும் என்று இருந்தது. கையில் காசு குறைவாக இருக்கிறவனுக்கு போன் செய்து தொகையைக் கேட்டுவிட்டு முடியாது என்று சொல்வது ரொம்பக் கூச்சமாக இருக்கும், அதனால் செய்யவே மாட்டான். எத்தனை மணிக்கு வகுப்பு, ஒரு நாள் விட்டுப்போனால் ரெக்கார்டிங் உண்டா, கம்ப்யூட்டர் இல்லாமல் போனில் மட்டும் பார்த்தால் போதுமா என்பதையும் எழுதிவிடுங்கள். நான் தேடியது இவ்வளவுதான்.


தறிவிளக்கு (ஈரோடு) பதில்:

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. மேலே ஊசிநூல் அக்கா சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அந்த 3பி பதிவுக்கு வருகிறவர் யார் என்று இன்னொரு தடவை யோசியுங்கள். பாதிப் பேர் கடைக்காரர்கள், சின்ன யூனிட் வைத்திருக்கும் முதலாளிகள். மாதாமாதம் தேதி தப்புகிறது என்றால் அங்கே கணக்கு பார்க்கும் பிள்ளைக்கு வேலை தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அவர் சேர மாட்டார், ஆனால் அந்தப் பிள்ளையைச் சேர்ப்பார், கட்டணத்தையும் அவரே கட்டுவார். அதனால் அந்தப் பதிவின் கடைசியில் பொதுவாக வகுப்பு விவரம் போடாமல், உங்கள் கடையில் கணக்கு பார்ப்பவருக்கு ராத்திரி ஒன்றரை மணி நேரம் வீட்டிலிருந்தே பயிற்சி என்று அவரைப் பார்த்துப் பேசுவது போல எழுதிப் பாருங்கள்.

மொழி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, தமிழ்தான். ஆங்கிலத்தில் இதே விஷயத்தை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் எந்தத் தமிழ் என்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி என்று தலைப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள், ஜிஎஸ்டி என்றுதான் தேடுகிறார்கள். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்துவிட்டீர்களா? காசு கிடையாது. எந்தச் சொல்லைத் தட்டித் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று அதில் அப்படியே தெரியும். நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதையும் பார்ப்பீர்கள். அந்த வாசகங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த பத்துப் பதிவுக்குத் தலைப்பு தேட வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் திருப்பூர். நூலும் துணியும் டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் போய்த் திரும்பி வரும் ஊர். இப்படி வெளியே வேலை செய்து வாங்க, அதாவது ஜாப் ஒர்க்குக்கு, அனுப்பும்போது சரக்கோடு போகும் டெலிவரி சலான் எப்படிப் போடுவது, போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் என்ன ஆகும், ஜாப் ஒர்க் சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தை யார் எப்போது போட வேண்டும் என்பதை டேலி திரையோடு சேர்த்துத் தமிழில் எழுத, 11 வருடம் அந்த வேலையைச் செய்த உங்களைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்கள்? அதைப் படிப்பவர் நூறு பேராக இருந்தாலும் அந்த நூறு பேரும் உங்கள் ஊர் வேலைக்குப் போக நினைப்பவர்கள்.

பழைய பதிவுகளைத் திருத்துவதையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஏழு மாதப் பதிவில் ஒன்றில் ஆயத்த ஆடைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் 12 சதவீதம் என்று உதாரணக் கணக்கு அப்படியே நிற்கிறது, பழைய நோட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறிவிட்டது உங்களுக்கே தெரியும். ஆனால் புதிதாக வருகிறவர் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, வரியே மாறியது தெரியாதவரிடம் ஜிஎஸ்டி படிப்பதா என்று மூடிவிடுவார்.

வீடியோவை ஒதுக்கச் சொல்லவில்லை. எழுதிய பதிவிலேயே இரண்டு நிமிடத் திரைப்பதிவு ஒன்றை உங்கள் குரலோடு சேர்த்துவிடுங்கள். முகம் காட்ட வேண்டாம், குரல் போதும், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பதிவில் காட்டினால் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் மட்டும் வேண்டாம். 2018லிருந்து தமிழ்ப் பதிவுகளுக்கும் அது கிடைக்கிறது, சில நூறு ரூபாய் வரலாம், ஆனால் உங்கள் பாடத்துக்கு நடுவில் வேறொரு டேலி வகுப்பின் விளம்பரம் வந்து உட்காரும்.


பின்னல்கணக்கு (திருப்பூர்) மீண்டும்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 12 சதவீதத்தைப் படித்ததும் உடனே போய் மாற்றிவிட்டேன், தறிவிளக்கு அண்ணா. எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்களோ என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

நேற்று ராத்திரி புதிதாக ஒன்று எழுதினேன். என் முதல் பேட்ச்சில் ஒரு பெண், கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் படிக்க வந்தவள், மூன்றாம் நாள் வகுப்பில் மைக்கை ஆன் செய்து "மேடம், நாம கடனுக்குச் சரக்கு வாங்கினா அது நமக்கு வரவுதானே, அப்புறம் ஏன் சரக்கு கொடுத்தவருக்கு வரவுன்னு எழுதுறீங்க" என்று கேட்டாள். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் இதையே பேசினோம். அதை அப்படியே, அவள் கேட்டது, நான் முதலில் சொன்ன பதில் அவளுக்குப் புரியாமல் போனது, பிறகு மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று நோட்டை வைத்துச் சொன்னதும் புரிந்தது என்று, அவளிடம் அனுமதி கேட்டுப் பேர் போடாமல் எழுதினேன். இதுவரை 23 பதிவில் ஒன்றுகூட இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. காலையில் பார்த்தால் ஒருவர் கீழே, இதே சந்தேகம் எனக்கும் உண்டு, பிளஸ் டூ காமர்ஸ் படித்தவர்கள்தான் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறார். 

மார்ச்31 தம்பி, கட்டணத்தைப் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம், 3,500 என்று பார்த்ததும் அதிகம் என்று நினைத்துப் போய்விட மாட்டார்களா? இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று நான் போனில் பேசும்போதுதான் சொல்வது வழக்கம்.


மார்ச்31 (ஓசூர்) பதில்:

தவணை உண்டு என்பதையும் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள் மேடம். நான் 1,500 முதலில் கட்டி, மீதியை வேலை கிடைத்த மாதம் கட்டினேன். அப்படிக் கட்டலாம் என்று அந்த சார் எழுதியிருக்காவிட்டால் நான் போன் செய்திருக்கவே மாட்டேன். அப்புறம், கீழே கேட்டவருக்கு முதலில் பதில் போடுங்கள், அவர் இந்நேரம் நாலு தடவை வந்து பார்த்திருப்பார்.