ஐந்து மாதப் பேட்டரி மூன்று நாளில் இறங்குகிறது: பழுது பேட்டரியிலா, டைனமோவிலா?

காலடிப்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2016ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. மெட்ரோ திருவொற்றியூர்ப் பக்கம் வந்த பிறகு நான் அலுவலகத்துக்கு ரயிலிலேயே போய்விடுவதால், வார நாள்களில் வண்டி தெருவில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வியாசர்பாடியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க எடுப்பேன். ஏழெட்டு கிலோமீட்டர்தான் என்றாலும், ஏ.சி. போட்டுக்கொண்டு கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் தேங்கிய நீர் முன்பக்க பம்பர் வரை ஏறி, இரண்டு நாள் கழித்துத்தான் வடிந்தது. அதற்குப் பிறகு போட்ட பேட்டரி பதினான்கு மாதங்களில் போய்விட்டது. இப்போது இருப்பது வாங்கி ஐந்தே மாதங்கள் ஆகின்றன. மூன்று நாள் தொடர்ந்து நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை என்பதால், புதன்கிழமை இரவு பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து வைக்கிறேன்; அதனாலும் பயனில்லை.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி அளந்து பார்த்தேன். மூன்று நாள் நின்ற வண்டியில் காலையில் 12.0 வோல்ட். கடையில் கொடுத்து இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, அரை நாள் சும்மா வைத்த பிறகு 12.6. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பேட்டரியில் 10.7 காட்டுகிறது, ஆனாலும் மோட்டார் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது. எஞ்சின் ஓடும்போது 13.6, ஹெட்லைட், ஏ.சி., புளோயர் எல்லாவற்றையும் போட்டால் 13.1. முதல் பட்டறையில் டைனமோ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது பட்டறையில் பேட்டரியில் ஒரு செல் செத்துவிட்டது என்கிறார்கள். யார் சொல்வதை நம்பிப் பணம் போடுவது என்று தெரியவில்லை. டேஷ்போர்டில் உள்ள பேட்டரி எச்சரிக்கை விளக்கு வண்டி ஓடும்போது ஒருமுறைகூட எரிந்ததில்லை.

வண்ணை ஆட்டோ எலக்ட்ரிகல் எழுதியது:

தம்பி, நீங்கள் கொடுத்துள்ள எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. ஆறு செல்கள், செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் என்ற கணக்கில், நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வரை காட்டும்; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. ஒரு செல் செத்திருந்தால் அரை நாள் ஓய்வுக்குப் பிறகு உங்களுக்கு 12.6 நின்றிருக்காது, பத்தரை வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது 10.7இல் நிற்கிறது. பேட்டரி தாங்கிப் பிடிக்கிறது, ஆனாலும் மோட்டார் இழுக்கிறது என்றால், நடுவில் எங்கோ வோல்ட்டேஜ் தொலைகிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம், ஆனால் உங்களுடையது மூடி திறக்க முடியாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, நம் பட்டறைகளில் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர். (உண்மையான டைனமோ மிகப் பழைய வண்டிகளோடு போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.) நீங்கள் அளந்த 13.1 பேட்டரிக்கு வந்து சேர்ந்த வோல்ட்டேஜ். ஆல்டர்னேட்டர் கொடுத்த வோல்ட்டேஜ் அன்று. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹெட்லைட், ஏ.சி. போட்டு, யாரையாவது ஆக்சிலரேட்டரை 2000 சுற்றில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பின்வரும் நான்கையும் அளந்து எழுதுங்கள்.

ஆல்டர்னேட்டரின் பின்புறம் தடித்த ஒயர் வந்து சேரும் பி பிளஸ் நட்டுக்கும் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் இடையே எவ்வளவு என்பது முதலாவது. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு என்பது இரண்டாவது. பி பிளஸ் நட்டிலிருந்து பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு, ஆல்டர்னேட்டர் பாடியிலிருந்து நெகட்டிவ் முனைக்கு எவ்வளவு என்பவை கடைசி இரண்டு. பேட்டரியில் அளக்கும்போது மீட்டரின் கம்பியைக் கிளாம்பில் வைக்காமல், நடுவில் தெரியும் ஈய முனையிலேயே வையுங்கள். கிளாம்புக்கும் முனைக்கும் இடையே உள்ள பழுதும் கணக்கில் வர வேண்டும். பாசிட்டிவ் பக்கம் 0.3க்கு மேலோ நெகட்டிவ் பக்கம் 0.2க்கு மேலோ காட்டினால் அந்தப் பாதையில் பழுது இருக்கிறது. அதோடு மீட்டரை ஏ.சி. (மாறுமின்) வோல்ட்டில் வைத்துப் பி பிளஸ்ஸில் ஒருமுறை பாருங்கள், 0.5ஐத் தாண்டினால், மாறுமின்னை நேர்மின்னாக மாற்றும் டயோடு பிளேட் போயிருக்கும்.

பி பிளஸ் நட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும். அங்கே ஸ்பானரைக் கொண்டுபோய்ப் பாடியில் தட்டிவிடாதீர்கள். தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடும் பெல்ட்டுக்கு மேலே குனியவும் வேண்டாம்.

மணலி கால்டாக்சி எழுதியது:

சார், பெரியவர் சொன்னது சார்ஜ் ஏறும் பக்கம். மூன்று நாளில் 12.6 எப்படி 12.0க்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ குடிக்கிறது. எனக்கு இதே தொல்லை ஜி.பி.எஸ். கருவியால் வந்தது, அதை மாட்டியவர் சாவியை எடுத்தாலும் அணையாத ஒயரில் இணைத்திருந்தார்.

மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். பானெட் திறந்திருக்கும், கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் உள்விளக்கின் கரண்ட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். உடனே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வண்டியிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி நேரம்கூட ஆகும். அதற்குப் பிறகும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸை ஒன்றொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ, அந்த ஒயரில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. அளந்து முடித்ததும் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்ற மறந்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து, மீட்டரின் ஃபியூஸோடு கம்பியின் நுனியையும் கருக்கியிருக்கிறேன்.

மூலக்கடை நண்பன் எழுதியது:

இவ்வளவு அளக்க வேண்டுமா? எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் ஒரு கிளாம்பைக் கழற்றினால் போதும். வண்டி நின்றால் டைனமோ போயிற்று, ஓடினால் நன்றாக இருக்கிறது. என் மாமா அம்பாசிடரில் இப்படித்தான் பார்ப்பார். அப்புறம் இன்னொரு கேள்வி: என்னுடையது 2021 மாடல், நெடுஞ்சாலையில் போகும்போது 12.8 வோல்ட் காட்டுகிறது. எனக்கும் டைனமோ போய்விட்டதா?

வண்ணை ஆட்டோ எலக்ட்ரிகல் எழுதியது:

மாமா பார்த்த வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை. நானும் அந்தக் காலத்தில் அப்படிப் பார்த்தவன்தான். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் நொடியில் பேட்டரியைப் பிரித்தால், வாங்கிக்கொள்ள ஆளில்லாத கரண்ட் வோல்ட்டேஜாக எகிறும். அதைத் தாங்கிக்கொள்வது பேட்டரியின் வேலைகளில் ஒன்று. இன்றைய வண்டியில் அந்த எகிறல், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வையும் கொண்டுபோய்விடும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

உங்கள் 2021 வண்டிக்கு: புதிய வண்டிகள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்பதை ஈ.சி.யு.தான் முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வோல்ட்டேஜை இறக்கும். பிரேக் பிடிக்கும்போது உயர்த்தும். நெகட்டிவ் கிளாம்பில் சிறு பெட்டிபோல ஒரு சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 12.8ஐ மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம். ஹெட்லைட்டும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டால் மேலே ஏறுகிறதா என்பதே அங்கு முக்கியம்.

காலடிப்பேட்டைவாசி எழுதியது:

ஐயா, சனிக்கிழமை மாலை மகனை ஆக்சிலரேட்டரில் உட்கார வைத்து அளந்தேன். ஆல்டர்னேட்டரில் 14.2. பேட்டரியில் 13.4. பாசிட்டிவ் பக்கம் 0.15. நெகட்டிவ் பக்கம் 0.65. கூட்டிப் பார்த்தேன், சரியாக 14.2 வருகிறது, அந்தக் கணக்கு ஒத்துப்போனதைப் பார்த்தபோதுதான் மீட்டரின் மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. ஏ.சி. வோல்ட்டில் 0.04தான்.

நிற்கும்போது ஓடும் கரண்ட், முதலில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டி, நாற்பது நிமிடத்தில் 0.34 ஆம்பியரில் வந்து நின்றுவிட்டது. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03க்கு விழுந்தது. 2023 தீபாவளிக்கு வெளியில் ஒரு கடையில் தொடுதிரை மாட்டினேன்; அதைத் தவிர அந்த ஃபியூஸில் வேறொன்றும் இல்லை.

வண்ணை ஆட்டோ எலக்ட்ரிகல் எழுதியது:

அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது. கழற்றக் கொடுத்துவிடாதீர்கள்.

0.34 ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 8 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் 24. 35இல் 24 போனால் மீதி கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் பார்த்த 12.0 அதுதான். புதன்கிழமை பத்து நிமிடம் ஓடவிடுவதில், பத்து ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒன்றேமுக்கால் ஆம்பியர்-அவர்கூட ஏறாது. ஞாயிறன்று ஐடிலில் ஊர்ந்துகொண்டு, அதிலும் அரை வோல்ட்டுக்கு மேல் எர்த்தில், அதாவது நெகட்டிவ் பாதையில், தொலைத்துவிட்டு ஏறும் சார்ஜ் இந்தக் கடனை அடைக்கவில்லை. பாதி இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. முந்தைய பேட்டரி பதினான்கு மாதத்தில் போனதற்கு நம் ஊர் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

இப்போது அந்த 0.65ஐத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒரு கம்பியை நெகட்டிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதைக் கிளாம்பு, கேபிள் கியர்பாக்ஸில் சேரும் காது, அதற்குப் பக்கத்தில் கியர்பாக்ஸின் உலோகம், எஞ்சின் பிளாக் என்று நகர்த்திக்கொண்டே போங்கள்; எண் எங்கே குதிக்கிறதோ, பழுது அந்த இடத்தில்தான். உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றது என்பதாலும், கடற்காற்று வீசும் தெருவில் நிற்பது என்பதாலும், கியர்பாக்ஸ் போல்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். அது பேட்டரி ட்ரேக்கு அடியில் இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

காலடிப்பேட்டைவாசி எழுதியது:

நீங்கள் சொன்ன அதே போல்ட். கேபிளின் காது வரை 0.04தான், காதிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி கியர்பாக்ஸில் வைத்தால் 0.61. பேட்டரியையும் ட்ரேயையும் இறக்கிவிட்டுப் பார்த்தேன். மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியபோது காதுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக மாவு போலப் பொடி. கியர்பாக்ஸின் அலுமினியம் சொறிபிடித்தது போலக் குழிந்திருந்தது. சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதிய போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினேன்.

தொடுதிரை மாட்டிய கடைக்காரர், எப்போதும் கரண்ட் வரும் ஒயரோடு தொடுதிரையின் மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். மஞ்சள் நினைவுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். சிவப்பைப் பிரித்து, சாவியோடு வரும் ஒயரில் சேர்த்தாயிற்று.

இப்போது அதே சுமையில், அதே 2000 சுற்றில் பேட்டரியில் 14.0, நெகட்டிவ் பக்க இழப்பு 0.05. செல்ஃப் தொட்டதும் பிடிக்கிறது. நிற்கும்போது 28 மில்லிஆம்பியர். பேட்டரியை வீட்டிலேயே சிறு சார்ஜரில் மெதுவாக நிறைத்து, சோதனைக்காக ஆறு நாள் வண்டியைத் தொடாமல் வைத்தேன், தொடங்கும்போது 12.64, இன்று காலை 12.52.

வண்ணை ஆட்டோ எலக்ட்ரிகல் எழுதியது:

28 மில்லிஆம்பியர் ஆறு நாளுக்கு 4 ஆம்பியர்-அவர், 12.52 அதற்குப் பொருத்தமான எண்தான். கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் ஏதாவது ஒரு கடையில், பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் ஒருமுறை எடுத்து, அந்தத் தாளை வாரண்டி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஒருமுறை குழிந்த இடத்தில் மறுபடி பொடி கட்டும். ஐப்பசி மழை தொடங்கும் முன் அந்த 0.05ஐ மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள், தம்பி. 0.2ஐ நெருங்கினால் அதே போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.